வில்லனுக்குத்தான் கதை: வாசகர் கேள்வி பதில்

சாத்திரம், சமையல், பாஸ்போட் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம். விடுமுறை முழுக்கப் பிள்ளைகள் டிவிக்கு முன்னால் இருந்தார்களோ என்னவோ, இந்த முறை வந்தவற்றில் முக்கால்வாசி காமிக்ஸ் வீரர்களையும் வில்லன்களையும் கார்ட்டூன் ஆக்கின கதை பற்றித்தான். எழுதினவர்கள் பிள்ளைகள் மட்டும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் மகனுக்கு ஒன்பது வயது. பேட்மேன் கார்ட்டூன் பார்க்கிறான், ஆனால் பேட்மேனைப் பிடிக்காதாம், அதில் வருகிற கெட்டவர்களைத்தான் பிடிக்குமாம். கணக்குக் கொப்பியின் பின்பக்கம் முழுக்க ஜோக்கரின் பச்சைத் தலையும் பல்லும். பயப்பட வேணுமா?
ஒரு தாய், உப்புவெளி

கொப்பியின் முன்பக்கத்தில் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள் தங்கச்சி, இருந்தால் பயமே இல்லை. பிள்ளை சரியாகத்தான் பார்க்கிறான். பேட்மேன் ஒவ்வொரு கிழமையும் அதே ஆள், அதே கறுப்புப் போர்வை, அதே முறைப்பு. புதுக் கதை என்று ஒன்று வந்தால் அது எதிராளியோடுதான் வரவேணும்.

1992 செப்டம்பரில் அமெரிக்காவில் தொடங்கிய ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ இதை நன்றாகத் தெரிந்துகொண்டு எடுத்த தொடர், மொத்தம் 85 அத்தியாயம். அதில் மிஸ்டர் ஃப்ரீஸ் என்று ஒருவன் வருவான், மகனிடம் கேளுங்கள், சொல்லுவான். 1959இல் அவன் காமிக்ஸில் அறிமுகமானபோது பெயர் மிஸ்டர் ஜீரோ. குளிர் துவக்கோடு வந்து வைரம் களவெடுத்துப் பிடிபடுகிற ஆள், அவ்வளவுதான். கார்ட்டூனில் பால் டினி எழுதி புரூஸ் டிம் இயக்கின ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ அத்தியாயம் அவனுக்கு ஒரு மனைவியைக் கொடுத்தது. நோரா என்று பெயர். தீராத வருத்தம். மருந்து கண்டுபிடிக்கும்வரை அவளைக் குளிரில் உறையவைத்துக் காப்பாற்றப் பார்க்கிறான், கம்பனி முதலாளி செலவு கூடுகிறது என்று இடையில் புகுந்து எல்லாவற்றையும் நிறுத்த, நடந்த விபத்தில் இவன் குளிருக்குள் மட்டுமே உயிர் வாழக்கூடிய ஆளாகிவிடுகிறான். கையில் ஒரு கண்ணாடி உருண்டை வைத்திருப்பான், உள்ளே சின்ன நாட்டியக்காரி, குலுக்கினால் பனி கொட்டும். அதோடுதான் கதைப்பான். குரலில் ஏற்ற இறக்கமே இருக்காது, அதுதான் வயிற்றைக் கலக்கும். இந்த அத்தியாயத்தின் எழுத்துக்கு எம்மி விருது கிடைத்தது, பிறகு காமிக்ஸ்காரர்களும் தங்கள் பழைய வைரக் கள்ளனை மறந்துவிட்டு நோராவின் கதையையே எடுத்துக்கொண்டார்கள்.

திருகோணமலை ஆட்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகும்போது இராவணன் வெட்டில் நின்று எட்டிப் பார்க்காத பிள்ளை இங்கே இல்லை. தாயின் கிரியைக்குத் தண்ணீர் வேண்டும் என்று நிலத்தில் ஏழு இடத்தில் குத்தினான், அதுதான் கன்னியா வெந்நீர் ஊற்று என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சீதையைத் தூக்கினவனும் அவன்தான். இரண்டையும் தெரிந்துகொண்டே சாமி கும்பிட்டுவிட்டு வருகிறோமா இல்லையா?

ஜோக்கர் மட்டும் வேறு ரகம். அந்தத் தொடரில் அவனுக்குச் சோகக் கதை இல்லை, சும்மா செய்கிறான். ஒன்பது வயதில் அந்தப் பச்சைத் தலையும் சிரிப்பும்தான் இழுக்கும். கலர்ப் பென்சில் வாங்கிக் கொடுங்கள், கொப்பியைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள்.

ஹார்லி க்வின் புத்தகத்திலிருந்து டிவிக்கு வந்தவளா, டிவியிலிருந்து புத்தகத்துக்குப் போனவளா? பந்தயம் பிடித்திருக்கிறோம், தோற்றவர் ரோல்ஸும் பிளேன்ரீயும் வாங்கித்தர வேணும்.
இரண்டு கூட்டாளிகள், மத்திய வீதி

டிவி என்று சொன்னவருக்கு ரோல்ஸ்.

அதே 1992 தொடரில் ‘ஜோக்கர்ஸ் ஃபேவர்’ என்ற அத்தியாயத்துக்கு ஜோக்கருக்குப் பக்கத்தில் ஒரு பெண் அடியாள் தேவைப்பட்டது. ஒரு நாள் கூலி மாதிரி, வந்தாள் போனாள் என்று முடிந்திருக்க வேண்டியவள். பால் டினிக்கு ஆர்லீன் சார்க்கின் என்ற நடிகையைத் தெரியும், அவர் ஒரு மெகா தொடரின் கனவுக் காட்சியில் கோமாளி உடுப்போடு வந்ததைப் பார்த்து அதிலிருந்து பிடித்த யோசனைதான் ஹார்லி. குரலும் சார்க்கினே கொடுத்தார். டிம் வரைந்த சிவப்பும் கறுப்பும் உடுப்பு வடிவாகப் பொருந்தியது, சனத்துக்குப் பிடித்துப்போனது, திரும்பக் கூப்பிட்டார்கள். 1993இல் தொடரைத் தழுவி வந்த காமிக்ஸில் நுழைந்தாள். பேட்மேனின் மூலக் கதை ஓட்டத்துக்குள் அவளைச் சேர்த்தது 1999இல்தான். இன்றைக்கு அவள் பெயரில் தனிப் படம், தனித் தொடர் எல்லாம் வந்துவிட்டது.

பந்தயத்தை இன்னும் இழுக்க விருப்பம் என்றால், ரெனே மொன்டோயாவை வைத்துப் பிடியுங்கள். அந்தப் பொலிஸ்காரியையும் கார்ட்டூனுக்காகத்தான் உருவாக்கினார்கள், ஆனால் கார்ட்டூன் செய்து முடிக்க நாள் பிடிக்கும், காமிக்ஸ் கெதியாய் அச்சாகிவிடும், அதனால் அவள் முதலில் தலைகாட்டினது புத்தகத்தில். இதில் யார் வென்றார் என்று நீங்களே அடிபடுங்கள். போட்டிக் கம்பனி மார்வெல் பக்கத்திலும் இதே கதை உண்டு. எக்ஸ்-மென் வீரன் வோல்வரினின் பெண் பதிப்பு எக்ஸ்-23 2003இல் ‘எக்ஸ்-மென்: எவல்யூஷன்’ கார்ட்டூனில் பிறந்து அடுத்த வருடம் காமிக்ஸுக்குப் போனவள். ஃபயர்ஸ்டார் 1981இல் ஸ்பைடர்மேனின் கார்ட்டூன் கூட்டாளியாக வந்தவள். ஹியூமன் டார்ச் என்ற நெருப்பு மனிதனைப் போட அவர்களுக்கு உரிமை கிடைக்கவில்லை, அதனால் நெருப்புப் பெண் ஒருத்தியைப் புதிதாகச் செய்துவிட்டார்கள். 1978 ஃபன்டாஸ்டிக் ஃபோர் கார்ட்டூனில் நாலு பேரில் ஒருவராக, அந்த நெருப்பு மனிதனுக்குப் பதில் ஹெர்பி என்ற குட்டி ரோபோ நிற்பதும் இதே உரிமைப் பிரச்சினையால்தான். பிள்ளைகள் நெருப்பு வைத்து விளையாடுவார்கள் என்று பயந்து எடுத்ததாக ஒரு கதை உலாவுகிறது, நம்ப வேண்டாம்.

பேட்மேனும் சூப்பர்மேனும் அடிபட்டால் யார் வெல்லுவார்?
ஓ.எல். மாணவன், பாலையூற்று

அந்த மாதம் யாருடைய புத்தகம் விற்க வேணுமோ அவர். ஆனால் 1997இல் சூப்பர்மேன் கார்ட்டூனில் இரண்டு பேரும் முதல்தரம் சந்திக்கிற கதையைத் தேடிப் பார் தம்பி. சூப்பர்மேன் கண்ணால் ஊடுருவி முகமூடிக்குள் யார் என்று பார்த்துவிடுவார். பெரிய வெற்றி என்று வீட்டுக்குப் போவார். அவருடைய போர்வையில் பேட்மேன் ஏற்கெனவே ஒரு கருவியை ஒட்டி அனுப்பியிருப்பார், அதை வைத்து சூப்பர்மேனுடைய ஆள் அடையாளமும் பிடிபட்டுவிடும். ஒரு குத்துக்கூட அதில் கணக்கில்லை.

வட்ஸ்அப்பில் இரண்டு ஸ்பைடர்மேன் ஒருவரை ஒருவர் விரல் நீட்டிக் காட்டுகிற படம் வருகிறதே, அது எதிலிருந்து? ஏன் அவருடைய உடுப்பில் வலையே ஒழுங்காக இல்லை?
வங்கி ஊழியர், உட்துறைமுக வீதி

1967 ஸ்பைடர்மேன் கார்ட்டூன். ஒரு வில்லன் ஸ்பைடர்மேன் மாதிரி வேஷம் போட்டு வந்து நிற்கிற காட்சி அது. 52 அத்தியாயம் 1970 வரை ஓடியது, அந்தப் பாட்டு இன்றைக்கும் முணுமுணுக்கிறார்கள்.

வலை இல்லாததற்குக் காரணம் காசு. காமிக்ஸில் ஒரு படத்தை ஒருதரம் வரைந்தால் போதும், கார்ட்டூனில் அதே ஆளை ஆயிரக்கணக்கான தரம் வரைய வேணும். ஒவ்வொரு தரமும் நெஞ்சு, கை, கால் எல்லாம் வலைக்கோடு போட்டால் யாருக்குச் சம்பளம் கொடுத்து முடிப்பது? அதனால் முகமூடி, கையுறை, சப்பாத்து ஆகிய இடங்களில் மட்டும் கோட்டை வைத்துவிட்டு மற்றதை வெறும் சிவப்பும் நீலமுமாக விட்டார்கள். உற்றுப் பாருங்கள், அவர் ஊஞ்சலாடுகிற அதே காட்சி ஒரு அத்தியாயத்திலேயே திரும்பத் திரும்ப வரும், கட்டடமும் அதே கட்டடம். முதலில் செய்த நிறுவனம் நொடித்துப்போக, பிறகு ரால்ஃப் பாக்ஷி பொறுப்பெடுத்தார். அவர் தன்னுடைய ‘ராக்கெட் ராபின் ஹூட்’ என்ற வேறு கார்ட்டூனின் காட்சிகளையே வெட்டி இதற்குள் ஒட்டினார். நியூயோர்க்கில் தொங்கிக்கொண்டிருந்த மனுசன் திடீரென்று ஏதோ கிரகத்தில், ஊதா வானத்துக்குக் கீழே நிற்பார். கஞ்சத்தனம்தான், ஆனால் அந்த நிறங்கள் எனக்குப் பிடிக்கும்.

இதற்கும் ஒரு வருடம் முந்தி, 1966இல் வந்த ‘மார்வெல் சூப்பர் ஹீரோஸ்’ இன்னும் சிக்கனம். காமிக்ஸ் படங்களையே எடுத்துக் கமராவுக்கு முன்னால் வைத்து வாயை மட்டும் அசைத்தார்கள். இடைக்கிடை கையும் அசையும்.

1994இல் வந்த ஸ்பைடர்மேன் தொடரில் பொலிசும் கள்ளரும் எல்லோரும் லேசர் துவக்குதான் வைத்திருக்கிறார்கள். ஒரு சூடுகூட யாருக்கும் படாது. அமெரிக்காவில் நிஜத் துவக்குக்குப் பஞ்சமா?
ஏ.எல். மாணவி, லிங்கநகர்

நிஜத்தில் பஞ்சமில்லை, பிள்ளைகள் நிகழ்ச்சியில்தான் பஞ்சம். டிவி நிறுவனத்தில் எது காட்டலாம், எது காட்டக்கூடாது என்று பார்க்கிற பகுதி ஒன்று இருக்கும், அது போட்ட கட்டளை. ஸ்பைடர்மேன் முஷ்டியால் முகத்தில் குத்துவதைத் தேடிப் பாருங்கள், கிடைப்பது கஷ்டம்; தள்ளுவார், கட்டுவார், தூக்கி எறிவார். இதிலே உச்சம் மார்பியஸ். அவன் ரத்தக்காட்டேரி. ஆனால் ரத்தம் என்று சொல்லக்கூடாது, கடிக்கவும் கூடாது. ஆகவே உள்ளங்கையில் அட்டை வாய் மாதிரி ஓட்டைகள் வைத்து, அதால் ‘பிளாஸ்மா’ உறிஞ்சுகிறான் என்று மாற்றினார்கள். கடிப்பதைவிட அதுதான் அருவருப்பு! தணிக்கை செய்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார்களா என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்.

இந்தப் பயம் அமெரிக்காவில் பழையது. கார்ட்டூனில் அடிபிடி கூடிவிட்டது என்று அறுபதுகளின் கடைசியிலிருந்தே பெற்றோர் அமைப்புகள் நெருக்குதல் கொடுத்தன. 1973இல் வந்த ‘சூப்பர் ஃபிரண்ட்ஸ்’ அந்தக் காலத்துப் பிள்ளை. உலகத்திலேயே பலசாலிகள் ஒரு மண்டபத்தில் கூடி இருக்கிறார்கள், ஆனால் யாரையும் அடிக்க மாட்டார்கள். (அந்த மண்டபத்தை சின்சினாட்டி நகர ரயில் நிலையத்தைப் பார்த்து வரைந்தார்கள், படத்தைத் தேடினால் அப்படியே இருக்கும்.) 1978இல் சதுப்பு நிலத்துக்குள்ளிருந்து தலைக்கவசம் மாதிரி ஒரு கட்டடம் எழும்பி, அதற்குள் சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதர் தலைமையில் 13 வில்லன்கள் கூடினார்கள், லீஜியன் ஆஃப் டூம். அன்றைக்குத்தான் அந்தத் தொடருக்கு உயிர் வந்தது. அதுவும் கார்ட்டூனுக்காகச் செய்த கூட்டணிதான், பிறகு காமிக்ஸும் எடுத்துக்கொண்டது.

கட்டுப்பாடு நல்லதைச் செய்த இடமும் உண்டு. 2003 ‘டீன் டைட்டன்ஸ்’ தொடரில் வருகிற முகமூடிக்காரன் காமிக்ஸில் டெத்ஸ்ட்ரோக். சாவு என்ற பெயரைப் பிள்ளைகள் நிகழ்ச்சியில் வைக்க ஏலாது என்று அவனுடைய சொந்தப் பெயர் ஸ்லேடையே வைத்தார்கள். பட்டம் இல்லை, முழு முகத்தைக் காட்டுவதும் இல்லை, ஏன் இப்படிச் செய்கிறான் என்ற விளக்கமும் இல்லை. ஒற்றைக் கண், மெல்லிய குரல். எந்த வாத்தியாரோ பக்கத்தில் வந்து மெதுவாகப் பெயர் கேட்கிற மாதிரி இருக்கும்.

எங்கள் காலத்தில் ஒருத்தர் வாங்கி ஊர் முழுக்கக் கை மாறி வாசித்தது மாயாவி, மாண்ட்ரேக், ஃபிளாஷ் கார்டன். இப்போதைய பெடியள் அவர்களை ஆரென்று கேட்கிறார்கள். இவர்கள் கார்ட்டூனாக வந்தார்களா?
ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர், ஓர்ஸ் ஹில்

ஐயா, வந்தார்கள், மூன்று பேரும் ஒன்றாகவே வந்தார்கள். 1986இல் ‘டிஃபென்டர்ஸ் ஆஃப் தி எர்த்’ என்று 65 அத்தியாயம். மூவரும் ஒரே கம்பனியின் சொத்து என்பதால் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவருவது சுலபமாக இருந்தது. கதை நடப்பது 2015ஆம் ஆண்டில், எதிரி ஃபிளாஷ் கார்டனின் பழைய எதிரி மிங். எங்களுக்கு 2015 எப்போதோ கடந்துபோய்விட்டது, மிங்கைத்தான் காணவில்லை.

முகமூடி மாயாவியைப் பார்த்தால் உங்களுக்குக் கோபம் வரும், இப்போதே சொல்லிவைக்கிறேன். லீ ஃபால்க் 1936இல் படைத்த அந்த மனுசனுக்கு ஒரு சக்தியும் கிடையாது, அதுதான் அவருடைய அழகு. தகப்பன் செத்தால் மகன் முகமூடி போடுவான், மாயாவி சாகாதவர் என்று காட்டுக்காரர் நம்புவார்கள். கார்ட்டூனில் என்ன செய்தார்கள் என்றால், அவர் கையை உயர்த்திக் காட்டின் சட்டத்தைக் கூப்பிட்டதும் பத்துப் புலியின் பலம் உடம்பில் இறங்குகிறது. எங்கள் ஊர்க் கோயிலில் கலை வந்து ஆடுவதற்குச் சரி, மாயாவிக்குச் சரியா? எண்பதுகளில் எல்லாக் கார்ட்டூன் வீரருக்கும் இப்படி ஒரு மந்திரச் சொல் வேண்டியிருந்தது, விளையாட்டுச் சாமான் விற்கிற காலம். ஒன்றை மட்டும் பாராட்ட வேணும். பழைய கதைகளில் மாண்ட்ரேக்கின் வேலைக்காரனாகப் சிறுத்தைத்தோல் கட்டிக்கொண்டு நின்ற லோதார், இதில் நாலாவது வீரனாகச் சரிசமமாக நிற்கிறார், மகனும் உண்டு. 1994இல் ‘ஃபான்டம் 2040’ என்று இன்னொன்று வந்தது, மெலிந்து நீண்ட ஆட்கள், அழுக்கு நகரம், 24ஆவது மாயாவி. அது உங்களுக்குப் பிடிக்கலாம்.

இரும்புக்கை மாயாவியையும் நீங்கள் நினைத்திருந்தால், அவர் வேறு ஆள். பிரிட்டனில் 1962இல் தொடங்கினவர், 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ஆரம்பித்தபோது முதல் இதழே அவர்தான். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும். தொடக்கக் கதையில் அவரே ஒரு வில்லன், நகரத்தையே ஆட்டுகிறவர், பிறகுதான் திருந்தி உளவாளி ஆனார்.

பேட்மேன் கார்ட்டூனைக் கறுப்புத் தாளில் வரைந்தார்களாமே, உண்மையா? நானும் செய்து பார்க்கலாமா?
பதினான்கு வயதுச் சித்திரக்காரன், கிண்ணியா

உண்மை. வழக்கமாக வெள்ளைத் தாளில் பின்னணியை வரைந்து இருட்டை மேலே பூசுவார்கள். தொடரின் தயாரிப்பாளர்களில் ஒருவரான எரிக் ரடோம்ஸ்கி அதைத் தலைகீழாக மாற்றி, கறுப்புத் தாளில் வெளிச்சத்தை மட்டும் வரையச் சொன்னார். தெரு விளக்கு எங்கே, யன்னல் எங்கே, மழையில் நனைந்த கல் எங்கே மினுங்குகிறது, அவ்வளவுதான். மிச்சம் தாளே பார்த்துக்கொள்ளும். தொடரின் தொடக்கக் காட்சியில் பெயர்கூடப் போடமாட்டார்கள், கவனித்திருக்கிறாயா? உருவத்தைப் பார்த்தே ஆர் என்று தெரியும் என்ற துணிவு.

கறுப்பு பிரிஸ்டல் போட் ஒன்று வாங்கு, வெள்ளை, மஞ்சள், நீலம் மூன்று பாஸ்டல் போதும். இரவில் கிண்ணியாப் பாலத்தைப் போய்ப் பார்த்துவிட்டு, விளக்குப் படுகிற இடத்தை மட்டும் போடு. கறுப்புக் கலரைத் தொடாதே.

எக்ஸ்-மென் கார்ட்டூனில் வருகிற மேக்னட்டோ வில்லனா இல்லையா? வகுப்பில் பிள்ளைகள் கேட்டு வாதாடுகிறார்கள்.
ஆசிரியர், மூதூர்

சேர், உங்கள் வகுப்பு நல்ல வகுப்பு. 1992 அக்டோபரில் தொடங்கிய அந்தத் தொடரின் முதல் கதையையே போட்டுக் காட்டுங்கள். ஜூபிலி என்ற பிள்ளையை வளர்ப்புத் தாய் தகப்பன் நல்ல எண்ணத்தோடு, விசேட சக்தியோடு பிறந்தவர்களின் பட்டியலில் பதிகிறார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் சென்டினல் என்ற ராட்சத இயந்திரங்கள் வீடு தேடி வருகின்றன. அதே கதையில் எக்ஸ்-மென்களில் ஒருவன், மார்ஃப், செத்துப்போகிறான். சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூனில் இது அந்தக் காலத்தில் பெரிய அதிர்ச்சி. (பிறகு திரும்பி வந்தான், அது வேறு கதை.)

எக்ஸ்-மென்களின் தலைவர் பேராசிரியர் சேவியர், சேர்ந்து வாழலாம், பொறுங்கள் என்கிறார். மேக்னட்டோ, பொறுத்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியும் என்கிறார். காமிக்ஸில் அவர் நாசி முகாமில் குடும்பத்தைப் பறிகொடுத்து உயிர் தப்பினவர். பதிவு, பதிவு என்று அலைந்து, இடம்பெயர்ந்து பள்ளிக்கூடக் கட்டடங்களில் படுத்தெழும்பின எங்கள் தலைமுறைக்கு அந்த ஆள் கதைப்பதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. அதற்காக அவர் செய்வதைச் சரி என்றும் சொல்ல முடியாது. 2024இல் வந்த தொடர்ச்சி ‘எக்ஸ்-மென் 97’ இந்த முடிச்சை இன்னும் இறுக்கியது: சேவியரின் மரண சாசனப்படி பள்ளிக்கூடம் மேக்னட்டோ கைக்குப் போகிறது. நேற்றுவரை அடிபட்டவர்கள் அவர் சொல்லுக்குக் கீழே வேலை செய்ய வேணும். வாதாட விடுங்கள் சேர். சோதனைக்கு வராது என்பதால் நன்றாக வாதாடுவார்கள்.

நிஞ்சா ஆமைகள் நாலுக்கும் நாலு நிறப் பட்டி ஏன்?
ஏழு வயது, அன்புவழிபுரம் (அக்கா எழுதித் தந்தது)

ஆர் ஆர் என்று உனக்குத் தெரிய வேண்டாமா செல்லம்! 1984இல் வந்த புத்தகத்தில் உள்ளே கறுப்பு வெள்ளை, அட்டையில் நாலு பேருக்கும் சிவப்புப் பட்டி, ஆயுதத்தைப் பார்த்துத்தான் ஆளைப் பிடிக்க வேணும். 1987இல் டிவிக்கு வந்தபோது நிறம் பிரித்தார்கள். அக்காவுக்கு ஒரு சேதி: அந்தப் புத்தகத்தின் முதல் இதழிலேயே ஷ்ரெடர் செத்துப்போவான். டிவிக்காரர் அப்படி ஒரு வில்லனை வீணாக்குவார்களா? வருடக்கணக்காக உயிரோடு வைத்திருந்தார்கள்.

இந்தக் கார்ட்டூன்களைத் தமிழ்ப் பேச்சோடு பார்ப்பதா, இங்கிலீஷில் பார்ப்பதா? வீட்டில் சண்டை.
தகப்பன், நிலாவெளி

பிள்ளை பத்து வயதுக்குக் கீழே என்றால் தமிழ், சந்தேகமே வேண்டாம். கீழே ஓடுகிற எழுத்தை வாசித்துக்கொண்டிருந்தால் படம் போய்விடும்.

ஆனால் பேட்மேனை ஒருதரமாவது மூலக் குரலில் கேளுங்கள். 2022இல் காலமான கெவின் கான்ராய் ஒரே ஆளுக்கு இரண்டு குரல் வைத்திருந்தார், பணக்காரர் புரூஸ் வேனுக்கு இலகுவான ஒன்று, முகமூடி போட்டதும் அடித்தொண்டையில் இன்னொன்று. ஜோக்கர் மார்க் ஹாமில், ஸ்டார் வார்ஸில் லூக்காக வந்த அதே நல்ல பிள்ளை. முதலில் ஜோக்கருக்கு டிம் கரி என்ற நடிகரைத்தான் எடுத்திருந்தார்கள், பிறகு மாற்றினார்கள். ஹாமில் அதற்கு முந்தி அந்தத் தொடருக்குள் வந்தது மேலே சொன்ன ஃப்ரீஸ் கதையின் கல்நெஞ்சு முதலாளிக்குக் குரல் கொடுக்க. நடிகர்களை ஆளுக்கொரு நாள் கூப்பிட்டுத் தனித்தனியாகப் பதியாமல், முடிந்தவரை ஒரே அறையில் ஒன்றாக வைத்துப் பதிந்தார்கள், நாடகம் மாதிரி. ஒருவர் கத்த மற்றவர் உடனே திருப்பிக் கொடுக்கிறார் என்பது கேட்கும்போதே தெரியும். ஹாமிலின் சிரிப்பு ஒவ்வொரு தரமும் வேறு வேறாக இருக்கும், தமிழில் கொடுத்தவர் பாவம், எத்தனை சிரிப்புத்தான் சிரிப்பார்.

சண்டை தீரவில்லை என்றால் இரவுச் சாப்பாட்டுக்கு முன் தமிழ், பிள்ளைகள் படுத்த பிறகு இங்கிலீஷ்.